கன உலோகமும் மரபணுச்சேதமும்: எலிச் சோதனை தவறினால் எங்கே பார்ப்பது

சிப்காட்டையும் உப்பனாற்றையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாழும் கடலூர்க்காரர்களுக்கு, ஈயமும் காட்மியமும் குரோமியமும் உடலுக்குள் என்ன செய்கின்றன என்பது சொந்த விஷயம். புதுச்சேரியிலும் சிதம்பரத்திலும் கடலூரிலும் இந்தத் தலைப்பை எடுத்து எலியிலோ சுண்டெலியிலோ சோதனை செய்பவர்களுக்காக எழுதியது இது. எலும்பு மஜ்ஜையில் நுண்கருச் சோதனை (குரோமோசோம் உடைந்து சிவப்பணுவுக்குள் தங்கிவிடும் துண்டை எண்ணுவது), காமெட் சோதனை (அறுந்த டிஎன்ஏ மின்புலத்தில் வால் போல நீள்வதைப் பார்ப்பது), குரோமோசோம் பிறழ்வுச் சோதனை ஆகிய மூன்றையும் கையில் எடுத்துச் செய்யத் தெரிந்தவர் என்ற கணக்கில்தான் எழுதியிருக்கிறோம்.

முடிவு எதிர்பார்த்தபடி வரவில்லை என்றதும் "இன்னொரு செட் போடலாம்" என்று கிளம்பாதீர்கள். இன்னொரு செட் என்றால் இன்னும் சில பத்து உயிர்கள். நிறுவன விலங்கு நெறிக்குழுவின் அனுமதியும் எண்ணிக்கைக்கு உட்பட்டதுதான். கையிலிருக்கும் ஸ்லைடையும் நோட்டையும் ஒழுங்காகப் பார்த்தாலே பெரும்பாலான தவறுகள் அகப்பட்டுவிடும்.

எந்தக் குறி தெரிந்தாலும் முதலில் திறக்க வேண்டியது பாசிட்டிவ் கன்ட்ரோல் ஸ்லைடு, அதாவது மரபணுவைக் கெடுக்கும் என்று ஏற்கெனவே தெரிந்த மருந்தைக் கொடுத்த குழுவின் ஸ்லைடு. அது சரியாக இருந்து உலோகக் குழு மட்டும் விசித்திரமாக இருந்தால், தவறு டோஸிலோ கரைசலிலோ உலோகத்தின் வேதியியலிலோ இருக்கிறது. பாசிட்டிவ் கன்ட்ரோலும் சேர்ந்து கெட்டிருந்தால் சாயம், பஃபர், எடுத்த நேரம் என்று மேசைப் பக்கம் தேடுங்கள். இந்த ஒரு பிரிப்பைச் செய்யாமல் கீழே உள்ள எதையும் தொட வேண்டாம்.

குறி: பாசிட்டிவ் கன்ட்ரோல் ஏறியிருக்கிறது, உலோகக் குழுவில் நுண்கரு ஏறவே இல்லை

முதல் சந்தேகம் எடை போட்ட உப்பின் மேல். காட்மியம் குளோரைடு பாட்டில் லேபிளைப் பாருங்கள். நீரற்றதா, இரண்டரை நீர் மூலக்கூறு ஒட்டியதா? நீரற்றதின் மூலக்கூறு எடை 183.3, மற்றது 228.4. கிலோவுக்கு 1 மி.கி காட்மியம் கொடுக்க வேண்டும், ஊசி அளவு கிலோவுக்கு 10 மி.லி என்று வைத்துக்கொள்வோம். 25 கிராம் சுண்டெலிக்கு 0.25 மி.லி போகும், கரைசலில் மி.லிக்கு 0.1 மி.கி காட்மியம் இருக்க வேண்டும். 50 மி.லி தயாரிக்க நீரற்ற உப்பு என்றால் 8.2 மி.கி, நீரேறிய உப்பு என்றால் 10.2 மி.கி. நீரேறிய உப்பை நீரற்றது என்று நினைத்து எடை போட்டால் டோஸ் ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். அதே போல ஈய அசிடேட் டிரைஹைட்ரேட்டில் ஈயம் 54.6 சதவீதம், பொட்டாசியம் டைகுரோமேட்டில் குரோமியம் 35.3 சதவீதம், சோடியம் ஆர்சனைட்டில் ஆர்சனிக் 57.7 சதவீதம்தான். டோஸை உப்புக்குச் சொன்னீர்களா, உலோகத்துக்குச் சொன்னீர்களா என்பதை நோட்டில் முதல் வரியிலேயே எழுதுங்கள். கடற்கரை ஊரில் காட்மியம் குளோரைடு திறந்த பாட்டிலில் ஈரம் குடிக்கும். டெசிகேட்டரில் வைக்காத பாட்டிலின் எடையை நம்ப வேண்டாம்.

அடுத்தது கரைசல். ஈய அசிடேட்டை பிபிஎஸ்ஸில் (பாஸ்பேட் கலந்த சலைன் பஃபர்) கரைத்தால் ஈய பாஸ்பேட்டாக அடியில் இறங்கிவிடும். காட்மியமும் பாஸ்பேட்டோடு அப்படியே செய்யும். சாதாரண சலைனிலும் செறிவு கூடினால் ஈய குளோரைடு வெள்ளையாகத் தெரியும். ஊசியில் மேலே தெளிந்த நீரை எடுத்துக் கொடுத்தால் விலங்குக்குப் போனது கிட்டத்தட்ட வெறும் பஃபர்தான். ஈயத்தை அயனி நீக்கிய நீரில், சில துளி அசிட்டிக் அமிலம் விட்டு, கண்ணாடி போலத் தெளியும் வரை கரையுங்கள். அதே அளவு அமிலம் விட்ட நீரைத்தான் உலோகம் கொடுக்காத கன்ட்ரோல் குழுவுக்கும் கொடுக்க வேண்டும். குடிநீரில் ஈயம் கலந்து வைப்பவர்கள் போர் தண்ணீரைப் பயன்படுத்தவே கூடாது. நம் பக்கத்துப் போர் நீரில் இருக்கும் பைகார்பனேட்டும் குளோரைடும் போதும், பாட்டில் அடியில் வெள்ளைப் படிவு கட்டிவிடும். தண்ணீர் பாட்டிலைத் தினமும் எடை போடுங்கள்; சுவை மாறியதால் விலங்கு குடிப்பதைக் குறைத்திருந்தால் டோஸும் குறைந்திருக்கும். சோடியம் ஆர்சனைட் கரைசலை அன்றன்றே தயாரியுங்கள். வைத்திருந்தால் ஆர்சனேட்டாக ஆக்சிஜனேற்றம் அடையும், நச்சுத்தன்மையும் மாறிவிடும்.

மூன்றாவது, கொடுத்த வழி. ஆறு இணைதிறன் குரோமியத்தை வாய்வழி கொடுத்து மஜ்ஜையில் எதுவும் வரவில்லை என்றால் அது தவறாக இருக்க வேண்டியதில்லை. இரைப்பை அதை மூன்று இணைதிறன் குரோமியமாகக் குறைத்துவிடுகிறது. அந்த வடிவம் செல்லுக்குள் எளிதில் புகாது. அதே உப்பை வயிற்றறைக்குள் ஊசியாகப் போட்டால் மஜ்ஜையில் சேதம் தெரியும். குடிநீர் மாசு பற்றிய ஆய்வு என்றால் வாய்வழியை மாற்றாதீர்கள், பார்க்கும் திசுவை மாற்றுங்கள். 2008-இல் வெளியான அமெரிக்க தேசிய நச்சியல் திட்டத்தின் ஆய்வில், குடிநீரில் சோடியம் டைகுரோமேட் குடித்த சுண்டெலிகளுக்குச் சிறுகுடலிலும் எலிகளுக்கு வாய்க்குள்ளும் புற்றுக்கட்டி வந்தது. உலோகம் முதலில் தொடும் இடத்தில் காமெட் செய்து பார்ப்பதே அங்கே பொருத்தம்.

ஆர்சனிக்குக்கு விஸ்டார் எலியை எடுத்திருந்தால் அதுவே ஒரு சிக்கல். எலியின் ஹீமோகுளோபின் ஆர்சனிக்கைப் பிடித்து வைத்துக்கொள்வதால், உடலுக்குள் அது பரவும் விதமே மனிதரிலிருந்து வேறுபடுகிறது. இந்த உலோகத்துக்குச் சுண்டெலியே மேல்.

பிறகு நேரம். நுண்கருச் சோதனைக்கான ஓஇசிடி அமைப்பின் 474 ஆம் வழிகாட்டியின்படி ஒரே டோஸ் என்றால் மஜ்ஜையை 24 மணி நேரத்துக்கு முன் எடுக்கக் கூடாது, 48 மணி நேரத்துக்குப் பின்னும் எடுக்கக் கூடாது, இடையில் இரண்டு முறை எடுக்க வேண்டும். தினமும் டோஸ் கொடுத்தால் கடைசி டோஸுக்குப் பின் 18 முதல் 24 மணி நேரத்துக்குள் ஒரு முறை. காமெட்டுக்கு இந்த நேரம் பொருந்தாது. அங்கே கடைசி டோஸிலிருந்து 2 முதல் 6 மணி நேரம்; அதற்குப் பின் செல் தன் முறிவுகளைத் தைத்துவிடும். இரண்டையும் ஒரே விலங்கில் பார்க்க 0, 24, 45 ஆம் மணிகளில் டோஸ் கொடுத்து 48 ஆம் மணியில் எடுப்பது நல்ல ஏற்பாடு. விலங்கு எண்ணிக்கை பாதியாகும்.

இவ்வளவும் சரியாக இருந்தும் ஏறவில்லை என்றால், உலோகம் மஜ்ஜைக்குப் போய்ச் சேர்ந்ததா என்று காட்டுங்கள். ரத்தத்திலும் திசுவிலும் உலோக அளவைப் பார்க்காமல் "நெகட்டிவ்" என்று எழுத முடியாது. அளவு பார்க்கும் திசுவைத் துருப்பிடிக்காத எஃகுக் கத்தரியால் நறுக்கினால் குரோமியமும் நிக்கலும் கத்தரியிலிருந்தே வரும். குழாய்களை 10 சதவீத நைட்ரிக் அமிலத்தில் ஓர் இரவு ஊறவைத்து, அயனி நீக்கிய நீரில் அலசியபின் பயன்படுத்துங்கள்.

குறி: பாசிட்டிவ் கன்ட்ரோலும் ஏறவில்லை

சுண்டெலிக்குச் சைக்ளோபாஸ்பமைடு கிலோவுக்கு 40 மி.கி வயிற்றறை ஊசியாகப் போட்டால் 24 மணி நேரத்தில் கன்ட்ரோலைவிடப் பல மடங்கு நுண்கரு வர வேண்டும். வரவில்லையா? கரைசல் நேற்றையதா என்று பாருங்கள். நீரில் அது மெல்லச் சிதையும். ஊசி குடலுக்குள் போயிருக்கலாம். இரண்டும் இல்லையென்றால் எண்ணுபவரின் கண். அதே ஸ்லைடைக் குறியீடு மாற்றி இன்னொருவரிடம் கொடுங்கள்.

குறி: கன்ட்ரோல் விலங்கிலேயே நுண்கரு அதிகம்

சுண்டெலி மஜ்ஜையில் இயல்பாக ஆயிரம் முதிராத (புதிதாக உருவாகி, ஆர்என்ஏ இன்னும் மிச்சமிருக்கும்) சிவப்பணுக்களுக்கு ஒன்றிரண்டு, மூன்று என்ற அளவில்தான் நுண்கரு இருக்கும். அதைவிடத் தெளிவாகக் கூடுதலாக இருந்தால், நீங்கள் எண்ணியவை நுண்கருதானா என்பதே முதல் கேள்வி.

நூறு மடங்கு எண்ணெய் லென்ஸில் நுண்திருகை மெல்லத் திருப்புங்கள். உண்மையான நுண்கரு வட்டமாக, ஓரம் கூர்மையாக, பக்கத்துச் செல்லின் கருவின் அதே நிறத்தில், சிவப்பணுவின் அதே தளத்தில் நிற்கும். அதன் விட்டம் சிவப்பணுவின் விட்டத்தில் ஐந்தில் ஒன்று முதல் இருபதில் ஒன்று வரை. கீம்சாச் சாயத்தின் துகள் வேறு தளத்தில் தெரியும், செல்லுக்கு வெளியிலும் கிடக்கும். சாயத்தை வாட்மேன் தாளில் வடிகட்டி, ஸ்லைடைச் சாயத்துக்குள் செங்குத்தாக நிறுத்துங்கள்.

ஒளியை உடைத்துப் பளபளக்கும் ஓட்டை போன்ற புள்ளிகள் வந்தால் மெத்தனாலைக் குறை சொல்லுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் புதுச்சேரிக் காற்றில் இருக்கும் ஈரம், திறந்து மூடும் மெத்தனால் பாட்டிலுக்குள் போய்ச் சேரும். நீர் கலந்த மெத்தனாலில் நிலைநிறுத்திய சிவப்பணு இப்படித்தான் பொரிந்து நிற்கும். சிறு பாட்டிலாக வாங்குங்கள், காப்லின் ஜாரை மூடியே வையுங்கள், ஸ்மியர் முழுக்கக் காயாமல் மெத்தனாலில் இறக்காதீர்கள்.

எலி மஜ்ஜை என்றால் மாஸ்ட் செல் துகள்கள் சிவப்பணு மேல் சிதறி நுண்கரு போலவே கீம்சாவில் ஊதாவாக ஏறும். எலிக்கு அக்ரிடின் ஆரஞ்சுச் சாயம்தான் சரி. அதில் டிஎன்ஏ மஞ்சள் கலந்த பச்சையாகவும் ஆர்என்ஏ சிவப்பாகவும் ஒளிரும்.

ஈயக் குழுவுக்கு இதே சாயம் இன்னொரு காரணத்துக்காகத் தேவை. ஈயம் சிவப்பணுவில் ரைபோசோம் ஆர்என்ஏவைச் சிதைக்கும் நொதியைத் தடுப்பதால், செல்லுக்குள் நீலப் பொட்டுகள் தூவினாற்போல் வரும். ரத்த ஸ்மியரில் இந்தப் பொட்டுகளை நுண்கரு என்று எண்ணிவிட்டு "ஈயம் மரபணுவைக் கெடுக்கிறது" என்று எழுதிவிட முடியும். ஒரு செல்லில் பல பொட்டுகள், அளவு சீரில்லை, செல் முழுக்கப் பரவல் என்றால் அது ஆர்என்ஏ. அக்ரிடின் ஆரஞ்சில் சிவப்பாக வந்துவிட்டால் விவாதமே முடிந்தது.

உண்மையிலேயே நுண்கருதான் என்றால் விலங்கறைக்குப் போங்கள். உடல் வெப்பம் மிகவும் இறங்கினாலோ ஏறினாலோ, ரத்தம் இழந்தாலோ, உலோகம் இல்லாமலே நுண்கரு கூடும். மே மாதத்தில் மின்சாரம் போய் விலங்கறை ஏசி நின்ற நாட்களை வெப்பப் பதிவோடு ஒத்துப் பாருங்கள். 22 டிகிரிக்கு 3 கூட, 3 குறைய என்பதே வரம்பு. இடையில் கண்வழி ரத்தம் எடுத்திருந்தாலும் சிவப்பணு உற்பத்தி முடுக்கப்படும். கூண்டின் மேலும் ஒரு கண் வையுங்கள். துத்தநாகம் பூசிய கம்பிக் கூண்டை விலங்கு கடித்து நக்கும். துத்தநாகம் மெட்டலோதயனின் புரதத்தைத் தூண்டும். அந்தப் புரதம் காட்மியத்தைக் கட்டிப்போடும். கன்ட்ரோலும் கெடும், காட்மியக் குழுவின் விளைவும் மழுங்கும். பாலிகார்பனேட் கூண்டு, எஃகு மூடி போதும். படுக்கைக்கு நெல் உமி போடும் இடங்களில், உமியிலும் ஆர்சனிக் இருக்கும் என்பதை ஆர்சனிக் ஆய்வு செய்பவர் மறக்கக் கூடாது. தீவனம், உமி, குடிநீர் மூன்றிலிருந்தும் ஒவ்வொரு மாதிரியை உலோகப் பகுப்பாய்வுக்கு அனுப்பிவிடுங்கள்.

குறி: முதிர்ந்த சிவப்பணுவும் முதிராத சிவப்பணுவும் ஒரே நிறம்

பஃபரின் பிஹெச். 6.8 இருக்க வேண்டும். அமிலமானால் எல்லாம் இளஞ்சிவப்பு, காரமானால் எல்லாம் நீலம். சாயம் கலக்கும் அன்றே மீட்டரில் பாருங்கள்.

குறி: முதிராத அணுக்களின் விகிதம் தாறுமாறு

கன்ட்ரோலின் 20 சதவீதத்துக்கும் கீழே போனால் டோஸ் மஜ்ஜையைக் கொன்றிருக்கிறது. அந்தக் குழுவில் நுண்கரு எண்ணிப் பயனில்லை, டோஸைக் குறைக்க வேண்டும். ஈயக் குழுவில் விகிதம் ஏறினால் ஆச்சரியப்பட வேண்டாம். ஈயம் ஹீம் உற்பத்தியைத் தடுக்கிறது, ரத்தசோகை வருகிறது, மஜ்ஜை ஈடுகட்ட ஓடுகிறது. மஜ்ஜையில் விகிதத்துக்குக் குறைந்தது 500 சிவப்பணு, நுண்கருவுக்கு ஒரு விலங்குக்குக் குறைந்தது 4000 முதிராத அணு எண்ணுவதே இப்போதைய வழிகாட்டி. 2000 எண்ணும் பழைய பழக்கம் இன்னும் பல ஆய்வேடுகளில் ஓடிக்கொண்டிருக்கிறது; பலவீனமான உலோக விளைவை அது தவறவிடும்.

குறி: காமெட்டில் உலோகக் குழுவின் வால் கன்ட்ரோலைவிடவும் குட்டை

இது பலரையும் குழப்பும் குறி. "உலோகம் பாதுகாக்கிறது" என்று முடிவு கட்டிவிடாதீர்கள். குரோமியமும் ஆர்சனிக்கும் டிஎன்ஏவைப் புரதத்தோடு பிணைக்கின்றன. பிணைந்த டிஎன்ஏ மின்புலத்தில் நகராது. அதாவது சேதம் நடந்திருக்கிறது, அது வாலாகத் தெரியவில்லை. ஒரே விலங்கின் ஸ்லைடுகளை இரண்டாகப் பிரித்து, லைசிஸுக்கு (செல்லை உடைத்து டிஎன்ஏவை வெளிப்படுத்தும் படி) பின் ஒரு பாதிக்குப் புரதத்தைச் சிதைக்கும் புரோட்டினேஸ் கே நொதி விட்டு 37 டிகிரியில் வையுங்கள், மறு பாதிக்கு நொதியில்லாத பஃபர் மட்டும். நொதி விட்ட பாதியில் வால் நீண்டுவிட்டால் பிணைப்பு உறுதி.

காட்மியத்தில் வால் கன்ட்ரோலுக்குச் சமமாக இருந்தால் வேறு வழி. காட்மியம் நேராக இழையை அறுப்பதைவிட ஆக்சிஜனேற்றச் சேதத்தைக் கூட்டி, பழுதுநீக்கும் புரதங்களை முடக்குகிறது. டிஎன்ஏவில் ஆக்சிஜனேறிய காரம் (பேஸ்) சாதாரண காமெட்டில் தெரியாது. அந்த இடத்தில் டிஎன்ஏவை வெட்டும் எஃப்பிஜி நொதியைச் சேர்த்துச் செய்தால்தான் வெட்டு விழுந்து வாலாக வரும்.

குறி: எல்லா ஸ்லைடிலும், கன்ட்ரோலிலும், வால்

எலிக் கல்லீரலில் கன்ட்ரோலின் வால் டிஎன்ஏ 6 சதவீதத்தைத் தாண்டாமல் இருப்பது நல்லது. தாண்டினால் திசு எடுத்த விதத்தைக் கவனியுங்கள். கால்சியம், மக்னீசியம் இல்லாத ஹேங்க்ஸ் கரைசலில் 20 மில்லிமோலார் இடிடிஏவும் 10 சதவீத டிஎம்எஸ்ஓவும் சேர்த்து, பனிக்கட்டி மேல் வைத்து நறுக்க வேண்டும். அறுத்ததிலிருந்து லைசிஸ் வரை எத்தனை நிமிடம் என்பதை ஒவ்வொரு விலங்குக்கும் எழுதுங்கள். கடைசியாக அறுத்த விலங்குகளில் மட்டும் வால் நீளம் என்றால் காரணம் அங்கேயே தெரியும். குழாய் விளக்கை அணைத்து மஞ்சள் விளக்கில் வேலை செய்யுங்கள். பஃபர் சூடானாலும் வால் நீளும். கோடையில் ஸ்லைடுகளை மின்புலத்தில் ஓட்டும் தொட்டியைப் பனிக்கட்டித் தட்டில் வைத்து 10 டிகிரிக்குக் கீழே பிடித்துவையுங்கள்.

தலையே இல்லாமல் மேகம் போல ஓடிப்போன செல்களைக் காமெட்டாக எண்ணாதீர்கள், தனியாகக் கணக்கு வையுங்கள். அவை கூடினால் டோஸ் செல்லைக் கொன்றதா, நறுக்கியதில் சிதைந்ததா என்று திசுவியல் துண்டைப் பார்க்க வேண்டும்.

குறி: எதிலும் வால் இல்லை, ஈஎம்எஸ் (காமெட்டுக்கான பாசிட்டிவ் கன்ட்ரோல் மருந்து) கொடுத்ததிலும் இல்லை

தொட்டியில் ஊற்றும் எலக்ட்ரோபோரசிஸ் பஃபரில் 300 மில்லிமோலார் சோடியம் ஹைட்ராக்சைடு, 1 மில்லிமோலார் இடிடிஏ இருக்க வேண்டும். லிட்டருக்கு 10 நார்மல் காரக்கரைசல் 30 மி.லி, 200 மில்லிமோலார் இடிடிஏ 5 மி.லி. பிஹெச் 13-க்கு மேல் வரவில்லை என்றால் சோடியம் ஹைட்ராக்சைடு வில்லைகள் காற்றின் ஈரத்தையும் கரியமில வாயுவையும் குடித்துவிட்டன. ஒன்றோடொன்று ஒட்டிய வில்லை உள்ள டப்பாவை எடைபோட எடுக்காதீர்கள். லைசிஸ் கரைசலில் இடிடிஏ கரையாமல் கலங்கி நின்றாலும் இதே குறி வரும். பிஹெச் 8-ஐத் தாண்டாமல் இடிடிஏ கரையாது; காரத்தை விட்டுக்கொண்டே 10-க்குக் கொண்டு வாருங்கள். செல் சவ்வைக் கரைக்கும் டிரைட்டானைக் கடைசியில் சேர்த்துக் குளிரவையுங்கள். வோல்டேஜை மின்முனைகளுக்கு இடையே உள்ள தூரத்துக்குக் கணக்கிடுங்கள். செ.மீக்கு 0.7 வோல்ட், 35 செ.மீ தொட்டிக்கு 24.5 வோல்ட். கரண்ட் 300 மில்லி ஆம்பியருக்கு மேலோ கீழோ போனால் பஃபர் மட்டத்தைக் கூட்டிக் குறைத்துச் சரிசெய்யலாம்.

மின்சாரம் நடுவில் போய்விட்டால் அந்த ஓட்டத்தைத் தொடராதீர்கள். காரத்தில் கூடுதலாகக் கிடந்த ஸ்லைடை மற்ற ஓட்டத்தோடு ஒப்பிட முடியாது. யுபிஎஸ் இல்லாமல் தொட்டியை இயக்கவே வேண்டாம். ஒவ்வொரு ஓட்டத்திலும் எல்லாக் குழுவின் ஸ்லைடும் கலந்து இருக்க வேண்டும்.

குறி: ஜெல் வழுக்கி விழுகிறது

ஈர நாட்களில் அடிப்பூச்சு காய்வதில்லை. 1 சதவீத சாதாரண அகரோஸ் பூசிய ஸ்லைடை 37 டிகிரி அவனில் ஓர் இரவு காயவைத்து, சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் மூடிவையுங்கள். மெல்லுருகு அகரோஸ் 0.5 சதவீதத்துக்குக் கீழே போனாலும் ஜெல் நிற்காது. செல் கலக்கும்போது அது 37 டிகிரியில் இருக்கட்டும்.

குறி: குரோமோசோம்கள் குவிந்து கிடக்கின்றன, அல்லது சிதறிவிட்டன

செல்லை உப்பவைக்க 0.56 சதவீத பொட்டாசியம் குளோரைடு, 37 டிகிரி, 20 நிமிடம். குவிந்தால் நேரத்தைச் சற்றுக் கூட்டுங்கள். குரோமோசோம் எண்ணிக்கை சுண்டெலிக்கு 40-க்கும் எலிக்கு 42-க்கும் குறைவாகவே எங்கும் வந்தால் செல் வெடித்திருக்கிறது, நேரத்தைக் குறையுங்கள். கட்டையாகக் குறுகிய குரோமோசோம் என்றால் செல் பிரிவை நடுவில் நிறுத்தப் போடும் கால்ச்சிசின் அதிக நேரம் இருந்துவிட்டது. மெத்தனால் மூன்று பங்கு, அசிட்டிக் அமிலம் ஒரு பங்கு என்ற கலவையை அந்த மணி நேரத்திலேயே கலக்குங்கள்.

குறி: இருவர் எண்ணியது இரண்டு விதம்

குறியீடு போடாத ஸ்லைடை எண்ணவே கூடாது. எந்தக் குழு என்று தெரிந்துவிட்டால் கண் தானாகவே சாயும். கணக்கிலும் ஒரு பெருந்தவறு அடிக்கடி கண்ணில் படுகிறது: ஐந்து விலங்கின் செல்களை எல்லாம் கொட்டி இருபதாயிரம் என்று வைத்துச் சோதனை போடுவது. புள்ளியியலுக்கு அலகு விலங்குதான். குழுவில் ஐந்து விலங்கு என்றால் உங்களிடம் இருப்பது ஐந்து எண்கள்.

குறி: எல்லாம் முடிந்தது, கழிவு மிச்சம்

உலோகக் கரைசலைச் சிங்கில் ஊற்றினால் அது நம் வாய்க்கால் வழியே கடலுக்குத்தான் போகும். ஆறு இணைதிறன் குரோமியத்தை அமில நிலையில் பெரஸ் சல்பேட் விட்டு, ஆரஞ்சு மறைந்து பச்சையாகும் வரை குறைத்து, பிறகு பிஹெச்சை 8, 9-க்கு ஏற்றி வீழ்படிவாக்கி, அந்தச் சேற்றை அபாயக் கழிவு எடுப்பவரிடம் கொடுங்கள். பாதரசம், காட்மியம், ஆர்சனிக் கொடுத்த விலங்கின் உடலையும் உமியையும் வழக்கமான எரிப்புப் பையில் போடாதீர்கள். மூன்றும் புகையாக எழும். உலோகப் பெயர் எழுதிய தனிப் பையில் கட்டி, எடுத்துச் செல்பவரிடம் வாயாலும் சொல்லுங்கள்.